கெடு வைத்துக் கடவுச்சொல் மாற்றுவதால் பயனில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகள் பலவற்றில், கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் வரி இருக்கிறது. பல அலுவலகங்களில் அது இன்னும் கட்டாய விதியாகவே நீடிக்கிறது. அந்த விதி கைவிடப்பட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

கடவுச்சொல் களவு போனதற்கான சான்று இருந்தால் ஒழிய, அதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2017-லேயே பரிந்துரைத்தது. 2019-இல் மைக்ரோசாஃப்டும் விண்டோஸுக்கான தனது பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து இந்தக் கெடுவை நீக்கிவிட்டது. கெடு நெருங்கியதும் ஊழியர் செய்வதெல்லாம் பழைய சொல்லின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவதுதான் என்பதால், பழையதை அறிந்த திருடனுக்குப் புதியதை ஊகிப்பது பெரிய வேலையல்ல.

உண்மையான ஆபத்து, ஒரே சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்துவதில் இருக்கிறது. 2012-இல் லிங்க்ட்இன் தளத்தில் களவு போன விவரங்களில், பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு உரியவை 2016-இல் விற்பனைக்கு வந்தன. அப்படிக் கிடைக்கும் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் வேறு நூறு தளங்களில் இட்டுப் பார்க்கும் வேலையை இன்று நிரல்களே செய்கின்றன. ஆகவே தளத்துக்கு ஒரு சொல் வேண்டும். அத்தனையையும் நினைவில் வைக்க முடியாது என்பதால், அவற்றைப் பாதுகாப்பாகச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலியும் வேண்டும். (வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பூட்டி வைப்பதுகூட, எங்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதைவிட மேல் என்பது என் கருத்து.)

மின்னஞ்சல் கணக்குக்குத் தனிக் கவனம் தேவை. மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகள் அங்குதான் வருகின்றன என்பதால், அது பறிபோனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும். அதற்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை முதலில் அமைக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை, நம் எண்ணுக்கு வேறு சிம் வாங்கி மோசடியாளர் பெற்றுவிட முடியும் என்பதால், அதற்கென உள்ள செயலி கைப்பேசியிலேயே உருவாக்கித் தரும் குறியீடு அதைவிட நல்லது. ஆனால் போலித் தளத்தில் நாமே தட்டச்சு செய்தால் இரண்டும் ஒன்றுதான். கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம் கைப்பேசியோ கணினியோ சேமித்து வைக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீ, உண்மையான தளத்தில் மட்டுமே இயங்குவதால் இந்த ஓட்டையையும் அடைக்கிறது.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பற்றி ஒன்று மட்டும்: 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளியாகியிருந்தது.

அலுவலகங்களின் கணினிப் பிரிவினர் கெடு விதியை நீக்கிவிட்டு, ஊழியர் அனைவருக்கும் கடவுச்சொல் மேலாளரை நிறுவனச் செலவிலேயே வழங்கவும், கசிவு தெரியவந்த அன்றே உரிய கடவுச்சொற்களை மாற்றச் செய்யவும் முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்