போன தடம் யாருக்குத் தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக்காட்டுக்குள் மோட்டார் சைக்கிளில் தனியே சுற்றித் திரும்பிய இளைஞரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "வழியில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று அவரை ஓரிடத்திலாவது கேட்டிருக்கலாம். "யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள்?" என்றாவது கேட்டிருக்கலாம். இரண்டையும் கேட்காமல் விட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சத்தியமங்கலத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். திம்பம் மலைப்பாதைக்கு அடிவாரம் எங்கள் ஊர். அதனால் கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டிகள் பட்டறைக்கு நிறைய வருகின்றன. சில ஓட்டி வரப்படுகின்றன, சில குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி வரப்படுகின்றன. தார்ச்சாலையில் விழுந்த வண்டி உராய்ந்திருக்கும். காட்டில் விழுந்த வண்டி மடங்கியிருக்கும். கிளட்ச் லீவர் பாதியில் முறிந்திருக்கும். ஃபுட்ரெஸ்ட்டின் பற்களில் செம்மண் அடைத்துக் காய்ந்திருக்கும். கியர் லீவர் எஞ்சினோடு ஒட்டும்படி உள்ளே வளைந்திருக்கும். அதை நிமிர்த்தும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான் வரும்: ஓட்டியவரின் கணுக்காலும் அந்தப் பக்கம்தானே இருந்திருக்கும்!

காட்டில் தனியாகப் போகாதே என்றால் எல்லோரும் முதலில் யானையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி - வால்பாறை சாலையில், தனியே மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மனிப் பயணி ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. அது பஸ் ஓடும் தார்ச்சாலை. மற்ற வாகனங்கள் நின்றிருந்தன, போகாதீர்கள் என்று எச்சரிக்க ஆட்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் நடந்தது. வண்டித் தடமோ இன்னும் மோசம். இருபுறமும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியிருக்கும், பத்தடிக்கு அப்பால் நிற்பது தெரியாது. நடந்து போகிறவனுக்குக் கிளை முறியும் ஓசையாவது கேட்கும், வாடையாவது வரும். ஹெல்மெட்டுக்குள் தலையும் காலுக்கிடையில் எஞ்சினுமாகப் போகிறவனுக்கு இரண்டும் கிடையாது. வேகமாகத் தப்பிவிடலாம் என்பதும் நடக்காத காரியம். உருண்டைக் கற்கள் நிறைந்த தடத்தில் நம் வண்டி போகும் வேகத்தைவிட யானை வேகமாக ஓடும்.

ஆனாலும் யானையைவிட நான் அதிகம் அஞ்சுவது வண்டியின் எடையைத்தான். மலைப்பயணத்துக்கென்று இன்று நம்மவர்கள் விரும்பி வாங்கும் வண்டிகளில் சிறியது ஏறக்குறைய 160 கிலோ, பெரியது ஏறக்குறைய 200 கிலோ. பெட்டிகள் ஏறினால் இன்னும் கூடும். வெளிநாட்டுப் பந்தயக் காணொளிகளில் துள்ளிக் குதிக்கும் வண்டிகளின் எடை அதில் பாதிதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இதை ஓட்டுகிறார்கள். சமதளத்தில் விழுந்த 200 கிலோ வண்டியை, முறை தெரிந்தவர் முதுகைக் கொடுத்து நிமிர்த்திவிடுவார். சரிவில் விழும் வண்டி பெரும்பாலும் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து, சக்கரங்கள் மேட்டிலும் கைப்பிடி கீழேயுமாகக் கிடக்கும். அதைத் தூக்க நல்ல நிலையில் இருக்கும் இரண்டு பேரே திணறுவார்கள். அடியில் கால் மாட்டிக்கொண்டவர் படுத்த நிலையில் தூக்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. வலப்புறம் விழுந்தால் சுடும் சைலன்சர் வேறு. எந்தப் பக்கம் விழுந்தாலும் டாங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டக்கூடும்.

கூட ஒருவர் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. வண்டியை நகர்த்துவார், காலைப் பார்ப்பார், தண்ணீர் கொடுப்பார், ஆளைத் தேடி ஓடுவார். தனியே இருந்தால் அதே விபத்து மணிக்கணக்கில் நீளும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே சொட்டு ரத்தம் தெரியாமலே தொடைக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் இறங்கிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த கால் என்றால், பாரத்தை எடுத்த பிறகும் ஆபத்து தீராது. சிதைந்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மற்ற உறுப்பெல்லாம் நன்றாக இருக்கும் இளைஞர், ஒரு கால் மாட்டிக்கொண்டதற்காக உயிரை விடுவது இப்படித்தான்.

போன் இருக்கிறதே என்பார்கள். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கைப்பிடியில் போன் தாங்கி இருக்கிறது. வழி பார்க்க வசதிதான். விழும்போது போன் அதிலிருந்து பறந்து புதருக்குள் போய்விடுகிறது, அல்லது கைக்கு எட்டாத தூரத்தில் வண்டியோடு கிடக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலும் முதலுதவிப் பையும் பின் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. போன் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தாலும் மலை மடிப்புக்குள் டவர் கிடைக்காது. டவர் இல்லாத இடத்தில் 108 என்பது வெறும் எண்.

வெளிநாடுகளில் தனியே போகிறவர்கள் தோளில் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக, இருக்கும் இடம் மீட்புப் படைக்குப் போய்விடும். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். ஆக, அவர்கள் தனியே போவதும் நாம் தனியே போவதும் ஒன்றில்லை. இதைச் சொல்லாமல் அந்தக் காணொளிகளை மட்டும் காட்டி ஆசையைத் தூண்டுவது நியாயமா?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இப்படிச் சுற்றும் தடங்களில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் அங்கே அத்துமீறி நுழைவதைத் தடுக்கிறது. எங்கள் பகுதி 2013 முதல் புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. பிடிபட்டால் அபராதம், வழக்கு. எனவே போகிறவர் சோதனைச் சாவடியைத் தவிர்க்கிறார், அடிவார டீக்கடையில் எங்கே போகிறோம் என்று வாய் திறப்பதில்லை, வீட்டில் ஊட்டிக்குப் போகிறேன் என்கிறார். மாலையில் அவர் திரும்பவில்லை என்றால் தேடுகிறவர்கள் ஊட்டிச் சாலையில் தேடுவார்கள். அவரோ எங்கள் ஊருக்கு மேலே கடம்பூர் மலைப் பக்கம் ஏதோ ஒரு பள்ளத்தில் கிடப்பார். காடு ஆளைக் கொல்வதில் பாதிப் பங்கு இந்த மறைப்புக்கு உண்டு என்பேன்.

கடைசியில் கண்டுபிடிப்பவர் யார்? மாடு மேய்க்கப் போன, இந்த மலைகளின் பழங்குடிகளான ஊராளியோ சோளகரோ, ரோந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலரோதான். தங்கள் வீட்டுக் கர்ப்பிணியையே டோலி கட்டித் தூக்கிவர வேண்டிய நிலையில் இருக்கும் ஊர்கள் இன்னும் இந்த மலைகளில் உண்டு. அதே மூங்கிலிலும் போர்வையிலும் நகரத்து இளைஞரையும் சுமந்து வருகிறார்கள். அந்த நாளின் கூலி போகிறது. இவரை உள்ளே விட்டது யார் என்ற விசாரணை வேறு. "என் உயிர், என் விருப்பம்" என்று பேசுகிறவர்கள் இந்தத் தோள்களின் கணக்கை எங்கே எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தது. நடப்பவர் எந்தப் பாதையில், யாரோடு போயிருக்கிறார் என்பது இன்று பதிவில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும் காட்டைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தமும் சக்கரம் கிழிக்கும் மண்ணும் காட்டுக்கு ஆகாது. கரடுமுரடாக ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்குக் காட்டுக்கு வெளியே தரிசு நிலங்களில் பயிற்சித் தடங்கள் அமைக்கலாம். சேற்றிலும் சரிவிலும் அங்கே ஆசைதீர விழுந்து எழட்டும், தூக்கிவிட ஆள் இருக்கும். அனுமதி உள்ள மலைச் சாலைகளுக்கும் எஸ்டேட் பாதைகளுக்கும் போகிறவர்கள் குறைந்தது இரண்டு வண்டிகளாகப் போகட்டும். போகும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டு, போனையும் தண்ணீரையும் விசிலையும் உடம்போடு கட்டிக்கொண்டு போகட்டும்.

இப்போது வரும் பல வண்டிகளில் கிக்கர் கிடையாது என்பதையும் தொழில்காரனாகச் சொல்லிவிடுகிறேன். ஓடையில் இறங்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனாலோ பேட்டரி இறங்கினாலோ, உதைத்துக் கிளப்ப வழியில்லை. அடிபடாமலே ஒருவர் இரவைக் காட்டில் கழிக்க அது ஒன்றே போதும்.

தங்கள் கட்டுரையின் ஓரத்தில் வண்டியின் விலை, மைலேஜ், டாங்க் கொள்ளளவு எல்லாம் பெட்டிச் செய்தியாக வந்திருந்தன. அடுத்த முறை அந்தப் பெட்டியில் இன்னும் மூன்று வரிகளுக்கு இடம் ஒதுக்குங்கள்: பயணி யாருடைய அனுமதியோடு போனார், உடன் யார் போனார், வழியிலிருந்து மிக அருகில் உள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
சத்தியமங்கலம்.