பழைய பதிவுகளை முழுமையாக அழித்ததாகச் சொல்லி விற்ற ஸ்மார்ட்வாட்ச் குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: முந்தைய உரிமையாளரின் பதிவுகளோடு எனக்கு விற்கப்பட்ட கடிகாரம், மாற்றாக நான் கொடுத்த கடிகாரத்தின் கதி

ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் 3ஆம் தேதி, ஓட்டப் பயிற்சிக்கான ஜிபிஎஸ் ஸ்மார்ட்வாட்ச் ஒன்றை உங்கள் இணையதளத்தில் 8,499 ரூபாய்க்கு வாங்கினேன். என் பழைய கடிகாரத்தை மாற்றாகப் பெற்றுக்கொண்டு அதில் 1,800 ரூபாய் கழித்தீர்கள். இதே மாடலைப் புதிதாக வாங்க எனக்கு வசதியில்லை. நன்றாக உழைக்கும் பொருள் குப்பைக்குப் போகாமல் இன்னொருவர் கைக்கு வருவது நல்லது என்றும் நம்புகிறவள் நான். "பரிசோதித்து, முழுமையாக அழித்து, புதுப்பிக்கப்பட்டது" என்று உங்கள் பக்கத்தில் இருந்ததைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

முதல் வாரம் குறை தெரியவில்லை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நான் ஓடும் தூரத்தையும் இதயத் துடிப்பையும் சரியாகவே காட்டியது. பத்தாம் நாள் காலை, ஓடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பழைய பதிவுகளின் பட்டியலைத் திறந்தேன். என்னுடைய ஆறு ஓட்டங்களுக்குக் கீழே எனக்குச் சம்பந்தமில்லாத நாற்பத்து மூன்று ஓட்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை காலை ஐந்தரை மணிக்கு முன்பே தொடங்கியவை. எதைத் தொட்டாலும் ஓடிய பாதை சிறு கோடாகத் திரையில் விரிகிறது. ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. சேமித்த இடங்களின் பட்டியலில் 'வீடு' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டதும் அம்புக்குறி வடகிழக்கே திரும்பி நின்று, நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்று காட்டியது.

அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் எந்தெந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார், எந்தத் தெரு வழியாகப் போவார், எப்போது திரும்புவார் என்பதெல்லாம் என் மணிக்கட்டில் இருந்தது. நான் மேற்கொண்டு எதையும் தோண்டிப் பார்க்கவில்லை. திரையைப் படமெடுத்துக்கொண்டு கடிகாரத்தை அணைத்துவிட்டேன். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் கையில் இது சிக்கியிருந்தால்?

ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்கள் துலங்கித் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரும் செய்தியானது. அந்த வரைபடத்தில் யாருடைய பெயரும் இல்லை, பலரும் ஓடிய தடங்கள் மட்டுமே இருந்தன. நீங்கள் எனக்கு விற்றதோ ஒரே ஒரு மனிதரின் தடம், வீட்டு வாசல் உட்பட.

இதைக் கண்டதிலிருந்து என் பழைய கடிகாரத்தைப் பற்றிய கவலைதான் என்னை அரிக்கிறது. அதை வாங்கிப்போக வந்த உங்கள் ஊழியரிடம், "இதில் உள்ளதை அழித்துக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டேன். "கைப்பேசியிலிருந்து நீக்கினால் போதும், மீதியை நாங்களே அழித்துவிடுவோம்" என்றார். கைப்பேசிச் செயலியிலிருந்து நீக்குவதால் மட்டும் பல மாடல்களில் கடிகாரத்தின் நினைவகம் அழியாது, கடிகாரத்தின் அமைப்புகளுக்குள் போய்த் தனியாக ரீசெட் செய்ய வேண்டும் என்பதை இப்போதுதான் கற்றுக்கொண்டேன். தினமும் இதே வேலையைச் செய்யும் உங்களுக்கு அது தெரியாதா? நானும் விடியும் முன்னே தனியாக ஓடக் கிளம்புகிறவள். என் வீட்டு வாசல் இப்போது எந்த ஊரில், யார் கையில் இருக்கிறது?

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இதைச் சொன்னபோது, "நீங்களே ரீசெட் செய்துகொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும் ஏழு நாள் முடிந்துவிட்டது" என்ற பதிலோடு உரையாடலை முடித்துவிட்டார்கள். ரசீதில் ஆறு மாத உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

பேட்டரியும் நீங்கள் சொன்னபடி இல்லை. ஜிபிஎஸ் போட்டு ஒரு மணி நேரம் ஓடினால் நூறு சதவீதத்திலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்குகிறது. பின்மூடியைத் திறந்து பழுது பார்த்தீர்களா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். திறந்திருந்தால், நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி மீண்டும் சோதிக்காமல் 50 மீட்டர் நீர்த்தாங்கும் திறன் என்று விளம்பரம் செய்வது தவறு. அதை நம்பி ஒருவர் நீச்சலுக்கு இறங்குவார்.

நான் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். என் பழைய கடிகாரத்தின் பதிவுகள் எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன, கடிகாரம் இப்போது உங்களிடம் இருக்கிறதா, விற்கப்பட்டுவிட்டதா என்று எழுத்தில் தெரிவியுங்கள். விற்றிருந்தால், வாங்கியவரைத் தொடர்புகொண்டு பதிவுகளை நீக்கச் செய்யுங்கள். எனக்கு வந்த கடிகாரத்தின் முந்தைய உரிமையாளருக்கும் நடந்ததைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து வாங்கிய விவரம் உங்களிடம் இருக்கும், என்னிடம் இல்லை. எனக்குப் பணம் வருவதைவிட அவருக்குத் தகவல் போவது முக்கியம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் கடமை. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடம் தருவதால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடுவேன். ரசீது, திரைப் படங்கள், உங்கள் ஊழியர்களுடன் நடந்த உரையாடலின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். படங்களில் அந்த 'வீடு' இருக்கும் இடத்தை மறைத்திருக்கிறேன்.

கடிகாரம் அணைத்த நிலையில் என் அலமாரியில் இருக்கிறது. எடுத்துச் செல்ல வருபவர் என் கண்முன்னே அதை ரீசெட் செய்து, பட்டியல் காலியாக இருப்பதைக் காட்டிய பிறகே ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்