பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்குமுன் தண்ணீரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தங்கள் நாளிதழில் சில வாரங்களுக்கு முன் வெளியான கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதன்படியே ஒன்றை வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனவன் நான். விலை, மின்சாரச் செலவு, சத்தம், எத்தனை வகைக் கழுவல், கதவின் நிறம் வரை அதில் எழுதியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆழ்துளைக் கிணற்றை நம்பி வீடு கட்டியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மாள் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்ட பிறகு, மனைவிக்கு மணிக்கட்டு வீக்கம் இருந்ததால், பத்துப்பாத்திரம் என் பங்குக்கு வந்து சேர்ந்தது. பணி ஓய்வு பெற்றவன் கொல்லையில் குந்தி உட்கார்ந்து குண்டான் துலக்குவதை எதிர்வீட்டார் வேடிக்கை பார்த்ததைப் பொருட்படுத்தாமல் சில மாதங்கள் ஓட்டினேன். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்து தங்கிய மகன் அதைக் காணச் சகிக்காமல் ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தான். ஐந்தாண்டுகள் உழைத்த அது சென்ற ஐப்பசியில் ஒரு நாள் பாதிக் கழுவலில் நின்று, தண்ணீர் சூடாகவில்லை என்பதற்கான பிழை எண்ணைக் காட்டத் தொடங்கியது.

தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்த மெக்கானிக், அடித்தகட்டைக் கழற்றி, தண்ணீரைச் சுழற்றும் பம்ப்போடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் ஹீட்டரை எடுத்துவந்து, திண்ணையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். வெற்றிலைச் செல்லத்தில் பல நாள் காய்ந்து கிடந்த சுண்ணாம்பைப் போல வெள்ளைப் பொருக்கு ஓடு ஓடாக உதிர்ந்தது. சில துண்டுகள் நகத்தின் தடிமன் இருந்தன. “உப்பு போட்டீங்களா சார்?” என்று அவர் கேட்டார். உப்புக்கான சிவப்பு விளக்கு மூன்று ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்தது உண்மைதான். இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பாட்டிலேயே உப்பைக் குறைத்துவிட்ட வீட்டில் இயந்திரத்துக்கு எதற்கு உப்பு என்று நான்தான் விட்டுவிட்டேன். புது ஹீட்டரின் விலை புது இயந்திரத்தின் விலையில் ஏறக்குறையப் பாதி என்றும், அதுவும் சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றும் அவர் சொன்னதால், இயந்திரத்தையே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த உப்பு என்ன வேலை செய்கிறது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இயந்திரத்தின் அடியில், உள்ளே வரும் தண்ணீரின் கடினத்தை இறக்குவதற்கென்று, ரெசின் மணிகள் நிரம்பிய ஒரு சிறிய அறை இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துபோனதும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவி, மீண்டும் பிடிக்கத் தயாராக்குகிறது. உப்பு தீர்ந்துபோனால் மணிகள் வெறும் மணிகள்தான். கடினத் தண்ணீர் நேராக ஹீட்டருக்குப் போய், சூடு பட்ட இடத்தில் சுண்ணாம்பாகப் படிகிறது. எத்தனை கழுவலுக்கு ஒரு முறை மணிகளை உப்பால் கழுவ வேண்டும் என்பதை, நம் வீட்டுத் தண்ணீரின் கடினத்தைப் பார்த்து நாம்தான் பட்டனை அழுத்திச் சொல்லிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் ஒரு வார்த்தை கேட்காமல், ஆலையில் வைத்திருந்த 16 டிகிரி கடின அளவிலேயே விட்டுப் போயிருந்தார்.

இந்த முறை கடைக்குப் போகுமுன் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கொடுத்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினம் லிட்டருக்கு 640 மில்லிகிராம். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீருக்கு 160. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 ஏற்கும் எல்லை 200. வேறு வழியில்லாத இடத்தில் அனுமதிக்கும் எல்லை 600. இயந்திரக் கையேடுகள் கடினத்தை ஜெர்மன் டிகிரி என்ற அளவில் சொல்வதால் 17.8 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வகுத்தால் கிணற்றுத் தண்ணீர் 36 டிகிரி, கொள்ளிடத்துத் தண்ணீர் 9 டிகிரி. 16 டிகிரிக்கு வைத்த இயந்திரத்தில் 36 டிகிரித் தண்ணீரை ஓட்டியிருக்கிறோம், அதுவும் உப்பில்லாமல்.

ஆர்.ஓ. கருவி விற்பவர்கள் பேனா போன்ற ஒன்றை டம்ளரில் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். எண்ணை வைத்து இதை முடிவு செய்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும் எண். கால்சியமும் மெக்னீசியமும் மட்டும்தான் கடினம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையோரக் கிராமங்களில் கடல்நீர் உட்புகுந்து கரிக்கும் கிணறுகளில் சோடியம் குளோரைடே மிகுந்திருப்பதால், அங்கே சிக்கல் வேறு. இயந்திரத்தின் ரெசின் குளோரைடைத் தொடாது. குளோரைடு மிகுந்த வெந்நீர் எவர்சில்வரில் ஊசி குத்தினாற்போல் சிறு குழிகளை உண்டாக்கும். டம்ளர் விளிம்பில் வரும் பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் அதன் வேலைதான். அத்தகைய தண்ணீரை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் விட்டாலும் பயனில்லை. குழாய்த் தண்ணீரைச் சேமித்து ஓட்டுவது ஒன்றே வழி.

அதுவும் முடியாத காரியமில்லை. ஒரு கழுவலுக்கு இந்த இயந்திரங்கள் கேட்பது ஏறத்தாழ பத்து லிட்டர்தான். ஒரு குடத்துக்கும் குறைவு. நான் கொல்லையில் துலக்கிய நாட்களில் நான்கு வாளி செலவழித்திருக்கிறேன். ஆகவே மொட்டை மாடியில் நூறு லிட்டர்த் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, காலையில் குழாயில் வரும் தண்ணீரைச் சின்ன மோட்டாரால் ஏற்றிக்கொள்வது என்று தீர்மானித்தோம். அங்கேதான் அழுத்தக் கணக்கு குறுக்கே வந்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். எங்கள் மாடித் தளம் தரையிலிருந்து பதினோரு அடி, தொட்டியின் மேடை மூன்று அடி, இயந்திரத்தின் நீர்வாய் தரையிலிருந்து ஒன்றரை அடி. ஆக மிஞ்சுவது பன்னிரண்டரை அடி, அதாவது 0.38 பார். குறைந்தது 0.3 பார் கேட்கும் இயந்திரம் இதில் ஓடும், 0.5 பார் கேட்பது ஓடாது, அல்லது தண்ணீர் போதவில்லை என்று பாதியில் முரண்டு பிடிக்கும். கடையில் எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்று இந்த ஒரே காரணத்தால் கழிந்துபோயிற்று. மாடியில் சமையலறையும் அதன் தலைக்கு மேலேயே தொட்டியும் வைத்திருப்பவர்கள் அழுத்தம் கூட்டும் பம்ப்புக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைப்பது நல்லது.

கோடையில் குழாய் வறண்டாலும், வெள்ளத்தில் குழாய் உடைந்தாலும் மீண்டும் கிணற்றுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால், 50 டிகிரி கடினம் வரை தாங்கும் இயந்திரத்தையே தேர்ந்தெடுத்தேன். கடையில் இருந்த இன்னொன்று 35 டிகிரியோடு நின்றது. எந்தத் தண்ணீர் ஓடுகிறதோ அதற்கேற்ப அளவை மாற்றிவைக்கவும் வேண்டும். மென்மையான தண்ணீரை மேலும் மென்மையாக்கி, சோப்புத் தூளையும் அள்ளிப் போட்டால் கண்ணாடி டம்ளர்கள் அரித்து மங்கிப்போகும். மங்கல் எதனால் வந்தது என்று அறிய எலுமிச்சைத் துண்டால் தேய்த்துப் பார்க்கலாம்: போய்விட்டால் சுண்ணாம்பு, போகாவிட்டால் கண்ணாடி அரித்துவிட்டது, மீளாது.

உப்பைப் பற்றி இன்னொரு செய்தி. வேதாரண்யம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண்ணுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, ஒரு கிலோ உப்புக்கு இணையத்தில் பணம் கட்டிக் காத்திருப்பது என் தாயாருக்குப் பொறுக்கவில்லை. ஆயினும் உப்பளத்துக் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் கலந்திருக்கும். எதை வெளியேற்ற உப்புப் போடுகிறோமோ அதையே கொண்டுபோய்க் கொட்டுவதாக ஆகும். பாக்கெட் தூள் உப்பு கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். இதற்கென்று விற்கும் தூய பரல் உப்பைத்தான் போட வேண்டியிருக்கிறது.

பாத்திரங்களுக்கு வருகிறேன். கடைக்காரர்கள் பன்னிரண்டு செட், பதினான்கு செட் என்று சொல்லும் கணக்கு, தட்டையான பீங்கான் தட்டும் கோப்பையும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களின் கணக்கு. ஐந்து லிட்டர் குக்கர், சாதக் குண்டான், வாணலி, குழம்புச் சட்டி ஆகிய நான்கையும் கவிழ்த்தால் நம் வீட்டின் கீழ்த்தட்டு நிறைந்துவிடும். அமெரிக்காவில் 1886-இல் இவ்வகை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜோசஃபின் காக்ரேன் அம்மையார், முதலில் தம் வீட்டுத் தட்டுகளையும் கோப்பைகளையும் அளந்து, அவற்றுக்கேற்பக் கம்பித் தடுப்புகளைச் செய்துகொண்டாராம். அவர் செய்ததையே நானும் செய்தேன். குக்கரையும் பெரிய தாம்பாளத்தையும் டபரா டம்ளர்களையும் துணிப்பையில் போட்டுக் கும்பகோணத்துக் கடைக்கு எடுத்துச் சென்று, விற்பனைப் பையன் திகைத்து நிற்க, ஒவ்வொரு இயந்திரத்திலும் அடுக்கிப் பார்த்தேன். 45 சென்டிமீட்டர் அகலமுள்ளவற்றில் தாம்பாளம் நுழையவே இல்லை. 60 சென்டிமீட்டர் அகலமும், மேல்தட்டை உயர்த்திக்கொள்ளும் வசதியும், மடித்துவிடக்கூடிய கீழ்க்கம்பிகளும் இருந்தால்தான் குக்கருக்கு மேல் தண்ணீர் பீச்சும் கை தடையில்லாமல் சுழல்கிறது. பித்தளை ஃபில்டர், ஈயச்சொம்பு, கல்சட்டி, இரும்புத் தோசைக்கல், அலுமினியம், மரமத்து ஆகியவை எந்த இயந்திரத்திலும் போகக் கூடாதவை. அவை இன்றும் என் கையில்தான். விருந்து நாட்களில் வாழையிலை இருக்கும்வரை தட்டுக் கவலை எங்களுக்கு இல்லை.

கழுவல் வகைகள் எட்டு, பத்து என்று பட்டியல் நீளுவதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு 70 டிகிரி வெப்பக் கழுவல் ஒன்றும், அன்றாடத்துக்கு 50 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மெல்ல ஓடும் சிக்கனக் கழுவல் ஒன்றும் போதும். பின்னதற்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் அறுபது யூனிட் கூடும் என்பதால், கட்டண விகிதம் மாறும் 500 யூனிட்டை ஏற்கெனவே ஒட்டி நிற்கும் வீடுகள் மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அறுவடை முடிந்து வயல் எலிகள் வீட்டுக்குள் வரும் எங்கள் ஊர்களில், அடிப்பக்கத்தை வலைத்தகடு மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது கழுவல் வகைகளை எண்ணுவதைவிடப் பயனுள்ளது.

உள்தொட்டிக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எவர்சில்வர் தொட்டி கெட்டுப்போய் நான் கேள்விப்பட்டதில்லை. கெடுவது பம்ப்பும் ஹீட்டரும், அவற்றுக்கு இரண்டே ஆண்டு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு வலைத்தளம் தொடங்கியது நல்ல காரியம். ஆயினும் “இந்த பம்ப் தஞ்சாவூரில் இருக்கிறதா, திருச்சியில் இருக்கிறதா?” என்று நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளில் கேட்டபோது ஒருவர்தான் தொலைபேசியில் விசாரித்துச் சொன்னார். அவரிடமே வாங்கினேன்.

விற்பவர்களிடமும் தயாரிப்பவர்களிடமும் என் கோரிக்கை சிறியது. தாங்கும் கடினம் எத்தனை டிகிரி, தேவையான குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு, கீழ்த்தட்டில் நிற்கும் பாத்திரத்தின் உயரம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிடுங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தரச் சொல்கின்றன. கூடுதலாக வேறு மொழியில் அச்சிடுவதை அவை தடுக்கவில்லை. இயந்திரத்தைப் பொருத்த வருபவர் கையில், கடினச் சோதனைத் தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினால் என் போன்ற சோம்பேறிகளின் ஹீட்டர்களும் பிழைத்துக்கொள்ளும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டெல்டா மாவட்டப் பதிப்பில் மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். மாதம் ஒரு முறை, அந்தந்த ஊர்க் குழாய்த் தண்ணீரின் கடின அளவையும் உள்ளாட்சி அமைப்புகளிடம் கேட்டுப் பெற்று, அதனருகே ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.