டேப்பு சுத்துனா வெல்டிங் கேபிள் சரியாயிடுமா?

வணக்கம் ஆசிரியர் ஐயா,

வேலையிடப் பாதுகாப்பு பத்தி நம்ம பத்திரிகையில வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஹெல்மெட்டு, பூட்ஸு, கையுறையோட முடிஞ்சு போச்சு. வெல்டிங் கேபிள பத்தி ஒரு வரி கூட இல்ல. பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சின்ன பட்டறைங்க உள்ள போய் பாருங்க, தரையில கெடக்குற கேபிள்ல அங்கங்க கறுப்பு டேப்பு சுத்தியிருக்கும். லோரி ஏறி நசுங்குனது, கிரைண்டர் பொறி பட்டு ரப்பர் பொசுங்குனது, உள்ள செம்பு பல்ல காட்டுறது, எல்லாத்துக்கும் அதே வைத்தியம்தான்.

கேட்டா, "வீட்டு கரண்டு 240 வோல்ட்டு, இது வெறும் 80 தானே, என்னா பண்ணிடும்"னு சொல்றாங்க. வெல்டிங் ஓடுறப்ப 20, 30 வோல்ட்டுதான், ஆனா ராட், அதாவது வெல்டிங் குச்சி, எதுலயும் படாம மெஷின் சும்மா ஓடிக்கிட்டு இருக்கறப்பதான் 80 வரைக்கும் ஏறி நிக்கும், நம்மாளு ராட் மாத்துறதும் கேபிள தோள்ல போட்டுக்கிட்டு ஏணி ஏறுறதும் அந்த நேரத்துலதான். நம்ம ஊரு புழுக்கத்துல சட்டையெல்லாம் வேர்வை, கையுறையும் ஊறிப் போயிருக்கும், இரும்பு டேங்குக்குள்ள குந்திக்கிட்டு செஞ்சா சுத்தி எந்தப் பக்கம் சாஞ்சாலும் இரும்பு. ஆள் உயிர் போறதுக்கு அந்த 80 போதும்.

டேப்பு ஒட்டுறது வெளிய மட்டும்தான். உள்ள மயிரு மாதிரி மெல்லிசான செம்புக் கம்பிங்க பாதி அறுந்திருந்தா மிச்ச கம்பிங்க மொத்த கரண்டையும் சுமந்து சூடாகும், சூட்டுல டேப்பு பசை இளகி வழுக்கிடும், அப்புறம் பழைய கதைதான்.

செய்யணும்னா மொதல்ல மெஷினுக்கு மெயின் ஆஃப் பண்ணுங்க. கெட்ட இடத்த முழுசா வெட்டி எறிஞ்சிட்டு, செம்பு கறுக்காம பளபளன்னு தெரியிற எடம் வரைக்கும் போங்க, அந்த கேபிள் சைஸுக்கு, 50 ஸ்குவேர் மில்லிமீட்டர்னா 50-க்கே உள்ள இன்சுலேட்டட் கனெக்டர் போடுங்க. ராட்ட புடிக்கிற ஹோல்டர் பக்கத்துல கெட்டிருந்தா அங்க ஒட்டே வேணாம், வெட்டிட்டு நல்ல முனையில ஹோல்டர மாட்டிடுங்க, கேபிள் கொஞ்சம் குட்டையானா ஆவட்டும். அமெரிக்கா சட்டத்துலயே ஹோல்டர்லேர்ந்து 10 அடிக்குள்ள ஒட்டு கூடாதுன்னு இருக்கு, முறையான கனெக்டரோ, கேபிளுக்கு சமமா இன்சுலேஷன் உள்ள ஒட்டோ இருந்தா மட்டும்தான் விடுவாங்க. நெறைய எடத்துல ரப்பர் வெடிச்சு விறைச்சுப் போச்சுன்னா ரிப்பேர் பேச்சே கிடையாது, புதுசுதான். வெல்டிங் பண்ற இரும்புல மாட்டுற எர்த் கேபிளுக்கும் இதே கணக்கு, அத யாரும் சீண்டுறதே இல்ல.

புதுசு வாங்குறப்பவும் உஷாரு, அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசுனத மலிவா தள்ளி விடுறாங்க. தூக்குனா லேசா இருக்கும், ஒரு கம்பிய கத்தியால சுரண்டுனா உள்ள வெள்ளையா தெரியும். அதே தடிமன்ல அது செம்பு அளவுக்கு கரண்டு தாங்காது.

தவுக்கேமாருங்க, பட்டறை முதலாளிங்க, செலவுன்னு முகம் சுளிப்பாங்க, தெரியும். ஆனா 2024 ஜூன் 1-லேர்ந்து நடப்புல இருக்குற நம்ம மலேசியா வேலையிடப் பாதுகாப்பு சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்துன்னு நியாயமான காரணத்தோட நம்பி சொல்லியும் முதலாளி ஒன்னும் செய்யலன்னா தொழிலாளி அந்த வேலைய விட்டு நகந்துக்கலாம். நம்ம பசங்க எத்தன பேருக்கு இது தெரியும்? அடுத்த தடவ எழுதறப்ப இதையும் படத்தோட போடுங்க ஐயா, பட்டறை சுவத்துல வெட்டி ஒட்டுற மாதிரி பெருசா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
பிறை, பினாங்கு