குமாருக்கு அப்பா எழுதுவது

தென்காசி

அன்பு மகன் குமாருக்கு,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மருமகள் மீனாவைக் கோபித்துக்கொள்ளாதே. நீ லாட்டரியில் பணத்தை விட்டுக் கடன்பட்டிருப்பது, அவள் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். கேட்டதற்கு, "கேரளா லாட்டரிதானேப்பா, அரசாங்கமே நடத்துது, ஆப்ல வாங்குறேன்" என்றாய். பதினாலு வருஷம் லாட்டரிக் கடை வைத்திருந்தவனிடம் இப்படிச் சொல்லலாமா?

கேரள அரசு 1967-இல் லாட்டரி தொடங்கியதிலிருந்து இன்றுவரை விற்பது தாள் சீட்டுதான். ஆப்பில் விற்பதே கிடையாது. பரிசு விழுந்தால் அந்தச் சீட்டின் பின்னால் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். உன் கையில் என்ன இருக்கிறது? நீ சொன்ன கணக்கைப் பார்த்தால், குலுக்கலில் விழும் நம்பரின் கடைசி மூன்று இலக்கத்துக்குப் பணம் கட்டுகிறாய். இங்கே துண்டுத்தாளில் திருட்டுத்தனமாக எழுதிக்கொடுக்கிறார்களே, மூணு நம்பர், அதேதான். அதில் கேரள அரசுக்கு ஒரு பைசா போவதில்லை. அவர்களுடைய ரிசல்ட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரிலும் அரசாங்கமே நடத்தியதுதான். 1968-இல் அண்ணா ஆட்சியில் ஒரு ரூபாய்ச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று விளம்பரம் செய்தார்கள். நான் 1989-இல் கடை போட்டபோது சிக்கிம், பூட்டான், நாகாலாந்துச் சீட்டுகளெல்லாம் கயிற்றில் தொங்கும். வாரக் குலுக்கல் போய் தினக் குலுக்கல் வந்தது. அப்புறம் கடைசி ஒற்றை இலக்கம் பொருந்தினாலே பரிசு என்று ஒரு நம்பர் லாட்டரி வந்தது. அதுதான் நாசம். காலையில் வாங்கித் தோற்றவன், விட்ட காசைப் பிடிக்க மத்தியானம் மறுபடி வந்து நிற்பான்.

1998-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது, சீட்டில் அரசு முத்திரை வேண்டும், குலுக்கலை அந்த மாநிலத்துக்குள்ளேயே அரசே நடத்த வேண்டும், ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு விதியும் எங்களைப் போன்ற கடைகளில் நடந்ததைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். உன் ஆப்பில் இதில் ஒன்றாவது உண்டா? ராத்திரி இரண்டு மணிக்கும் பணம் கட்டலாமாம், மீனா சொன்னாள்.

2003 ஜனவரியில் ஜெயலலிதா ஒரேயடியாகத் தடை போட்டார். நீ அப்போது ஏழாம் வகுப்பு. பீஸ் கட்டப் பணமில்லாமல் அம்மா வளையலை அடகு வைத்தோம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று கேட்டால், அந்தத் தடை சரிதான் என்பேன். நீ இருக்கிற கர்நாடகத்திலும் 2007-இல் லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதற்கும் 2025-இல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டாகிவிட்டது. ஏமாந்துவிட்டேன் என்று நீ எங்கே போய்ச் சொல்வாய்?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தினமும் கடைக்கு வரும் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் மனைவி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். "அண்ணாச்சி, இனிமே அவருக்குச் சீட்டு குடுக்காதீக, வீட்ல அடுப்பு எரியல" என்றாள். சரிம்மா என்றேன். மறுநாள் அவர் வந்து காசை நீட்டினார். கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவேயில்லை. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்காவது வந்து கேட்க ஒரு கடை இருந்தது, திட்ட நான் இருந்தேன். மீனா யாரிடம் போவாள்? அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

எவ்வளவு கடன் என்று மறைக்காமல் ஒரு தாளில் எழுதி வை. நான் திட்ட மாட்டேன். பின்பக்கத்து மனையை விற்றாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். அந்த ஆப்பை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு.

மீனாவிடமும் "சரிம்மா" என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்,
அப்பா