பட்டியலை ஜெபத்துக்குள் கொண்டுவராதீர்கள்: சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கும் சபைக் குழுவினருக்கும்,

அன்பின் ஸ்தோத்திரம்.

கட்டட நிதிக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் பட்டியல் எப்படித் தொடங்கியது, எப்படி நீண்டது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன ஞாயிறு நடந்ததை மட்டும் சொல்கிறோம். பரிந்துரை ஜெப நேரத்தில் எல்லாரும் கண்மூடித் தலைகுனிந்திருக்க, ‘இந்தக் குடும்பங்களை நினைத்தருளும்’ என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், பட்டம், பதவி, தொகை என்று வரிசையாக வாசிக்கப்பட்டது. பெரிய தொகை முதலில், சிறியது கடைசியில். பட்டியல் முடிந்தபோது நேரமும் முடிந்திருந்தது. ஜெபத் தேவைகளை எழுதிப் போட வாசலருகே உள்ள விண்ணப்பப் பெட்டிக்கு ஒரே வரிதான் மிஞ்சியது: ‘பெட்டியிலுள்ள தேவைகளையெல்லாம் நீர் அறிவீர் ஆண்டவரே, ஆமென்.’

அறிவார்தான். கொடுத்தவர்களின் தொகையையும் அவர் அறிவாரே. அதை மட்டும் ஏன் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது?

அந்தப் பெட்டிக்குள் என்ன விழுகிறது என்று கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். நான்காய் மடித்த தாள். பெயரை முழுதாய் எழுதக் கூச்சம், முதலெழுத்து மட்டும். கீழே ‘பரிசோதனை முடிவு செவ்வாய்க்கிழமை வருகிறது’ என்று ஒரு வரி. எழுதியவர் அதே ஆராதனையில்தான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பெயர் முடியும்போதும் அடுத்தது தன் சீட்டாக இருக்கும் என்று காத்திருப்பார். வருவது இன்னொரு தொகை. அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தால் செவ்வாய்க்கிழமை போயிருக்கும். சீட்டில் இருப்பது பழைய செய்தி. அவர் இனிமேல் சீட்டு எழுதமாட்டார். இதைப் புகாராகவும் சொல்லமாட்டார், ஏனென்றால் கட்டட நிதிக்கு எதிராகப் பேசுகிறார் என்று ஆகிவிடும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஜெபத்துக்குள் வாசிக்காதீர்கள்.

மத்தேயு 6-ஆம் அதிகாரம் நீங்கள் பிரசங்கித்த பகுதிதான். தாரை ஊதித் தர்மம் செய்கிறவர்கள் ‘தங்கள் பலனை அடைந்துதீர்ந்தது’ என்று இயேசு சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல், அந்தக் காலத்துப் பாப்பிரஸ் (நாணல்தாள்) ரசீதுகளில் ‘முழுதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதப் பயன்பட்ட சொல். கணக்கு முடிந்தது, இனிப் பாக்கி இல்லை என்று பொருள். மனமுவந்து கொடுத்த ஒருவரின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது நாம் அவருக்கு அந்த ரசீதைத்தான் நீட்டுகிறோம். அவர் கேட்காமலே.

‘வேதத்திலேயே பெயர்ப் பட்டியல்கள் உண்டே’ என்று குழுவில் சொல்லப்பட்டதாக அறிகிறோம். உண்டு. நெகேமியா 3-ஆம் அதிகாரம் முழுவதும் பெயர்கள். ஆனால் அது எருசலேமின் மதிலைக் கையால் கட்டினவர்களின் பட்டியல். சல்லூமோடு அவன் குமாரத்திகளும் அதில் இருக்கிறார்கள். தெக்கோவாவின் பிரபுக்களும் வருகிறார்கள், வேலைக்குக் கழுத்துக் கொடுக்காதவர்கள் என்று. அந்த முறையைப் பின்பற்றக் குழு தயாரா? மேலும் அது கட்டுமானக் குறிப்பு, ஜெபம் அல்ல.

கட்டட நிதிக்குச் சரியான முன்மாதிரி 1 நாளாகமம் 29. தேவாலயத்துக்காகத் தலைவர்கள் கொடுத்தது பொன்னில் 5,000 தாலந்தும் (தாலந்து என்பது அந்தக் காலத்து எடையளவு) 10,000 தங்கக்காசும், வெள்ளி 10,000 தாலந்து, வெண்கலம் 18,000, இரும்பு 1,00,000. கணக்கு துல்லியம். அந்தத் தலைவர்களின் பெயர்களோ ஒன்றுகூட இல்லை. இரத்தினங்களை வாங்கிப் பொக்கிஷத்தில் சேர்த்த யெகியேலின் பெயர்தான் இருக்கிறது. வாங்கினவர் பொறுப்பாளி என்பதால் அவர் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் தாவீது ஜெபிக்கிறான்: ‘எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்.’ தன் சொந்தப் பொன்னையும் கொடுத்திருந்தவன், அந்த ஜெபத்தில் அதன் நிறையைச் சொல்லவில்லை.

பெயர் வாசிக்காவிட்டால் கணக்கில் சந்தேகம் வரும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி உண்டு. கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ரசீது. அறிவிப்புப் பலகையில் பெயரில்லாமல் ரசீது எண்ணும் தொகையும், கீழே மொத்த வரவும் செலவும். தன் எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்ள எவருக்கும் அரை நிமிடம் போதும். எண் விடுபட்டிருந்தால் பொருளாளரைக் கேட்கலாம். எண்ணுவது எப்போதும் இரண்டு பேர், ஒரே வீட்டார் அல்லாதவர்கள், இருவரும் கையெழுத்திட வேண்டும். நன்றி சொல்வதை வாரநாளில் ஒரு கடிதத்தில் சொல்லலாம். பிரிஸ்டலில் 1836-இல் அனாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர் ஆண்டறிக்கைகளில் வரவு செலவை அச்சிட்டார்; கொடுத்தவர்களின் பெயரை அச்சிடவில்லை. அதனால் இல்லம் மூடிப்போகவில்லை.

இனி, பட்டியல் இல்லாமல் மிச்சமாகும் நேரத்தில் செய்ய வேண்டியது. சீட்டுகளைச் சனிக்கிழமை மாலையே எடுத்துப் பிரியுங்கள். நாள் குறித்தவை முதலில். பெயர் சொல்லலாமா என்று எழுதியவரிடம் கேளுங்கள். சந்தேகமிருந்தால் ‘ஒரு சகோதரி’ என்றால் போதும். நோயின் பெயரையும் குடும்ப விவரத்தையும் ஒருபோதும் வாசிக்க வேண்டாம். ஆராதனை முடிந்து படியிறங்குவதற்குள் அது ஊர்ப்பேச்சாகிவிடும். ஒரு பெயர், ஒரு வேண்டுதல், பிறகு மெளனம். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி வைத்தாலும் 20 பேருக்கு மூன்றரை நிமிடம்கூட ஆகாது. அந்த மெளனம்தான் ஜெபம் நடத்துகிறவருக்குக் கடினம். ஒலிவாங்கி முன்னால் மூன்று விநாடி மெளனமே முப்பதாகத் தோன்றும், உடனே ‘ஆண்டவரே, ஆண்டவரே’ என்று நிரப்பத் தொடங்குவோம். மனதுக்குள் மூன்று மூச்சு எண்ணிக்கொள்வது உதவும்.

எழுதி வைத்து ஜெபிப்பதில் தவறில்லை. பழைய திருச்சபை மன்றாட்டுகளின் கட்டு எளிது: தேவனை அழைத்தல், அவர் யார் என்று ஒரு சொல், ஒரே விண்ணப்பம், அது எதற்காக என்பது, இயேசுவின் நாமத்தில் முடிப்பு. நான்கைந்து வரி. இதில் அடிக்கடி கெட்டுப்போவது இரண்டாம் பகுதி. அங்கேதான் பிரசங்கம் உள்ளே நுழைந்துவிடும். ‘ஆண்டவரே, இன்று மாலை ஆறு மணிக்கு வாலிபர் கூட்டம் இருப்பதை நீர் அறிவீர்’ என்பது அறிவிப்பு. ஆண்டவர் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

நீண்டு உரத்தால்தான் கேட்கும் என்பதற்குக் கர்மேல் மலையில், யாருடைய தேவன் பதில் தருவார் என்று ஒரு நாள் முழுக்கச் சோதனை நடந்தாயிற்று. பாகாலின் 450 தீர்க்கதரிசிகள் காலை முதல் மத்தியானம் கடந்தும் கத்தினார்கள். எலியா ஜெபித்தது இரண்டு வசனம். கடலில் அமிழப்போன பேதுருவுக்கு ‘ஆண்டவரே, என்னை இரட்சியும்’ என்பதற்கு மேல் மூச்சு இல்லை, அதுவே போதுமாயிருந்தது.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். புதுக் கட்டடத்தில் பிரசங்க பீடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை, வாசலுக்கு ஒன்று, பெஞ்சுக்கு ஒன்று என்று திட்டம் இருக்கிறதாமே. தன் பெயரை நினைக்கப்பண்ணக் குமாரன் இல்லையென்று தனக்குத் தானே தூண் நிறுத்திக்கொண்டவன் தாவீதின் மகன் அப்சலோம். தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் எடுத்துக் காட்டியது கல்வெட்டை அல்ல, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை. பெஞ்சுக்குப் பெயர் வைத்தால், காசு இல்லாமல் வருகிறவர் யாருடைய பெஞ்சில் உட்காருவது? பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், தரித்திரனுக்குப் பாதபடி என்று பிரிப்பதை யாக்கோபு கண்டித்து எழுதினார்; அதையே நாம் ஆணி வைத்து அடித்துவிடப் போகிறோம்.

மன்னிக்கவும், பலகை வேறு விவகாரம்; அதற்குப் பொதுக்கூட்டம் இருக்கிறது. இப்போது நாங்கள் தாழ்மையாய்க் கேட்பது முதலில் கேட்டதுதான். கொடுத்தவர்களின் பட்டியல் ஜெபத்துக்குள் வர வேண்டாம். வரும் ஞாயிறு ஜெபம் நடத்தும் மூப்பரிடம் அந்தத் தாளைக் கொடுக்காமல், தயவுசெய்து விண்ணப்பப் பெட்டியின் சாவியைக் கொடுங்கள். சனிக்கிழமை மாலையே கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
பின்வரிசைகளில் அமரும் சபையார் சிலர்