செவலையை அனுப்பிய பிறகு

கேத்தி,
மாசி மாதம்

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை செவலைக் குதிரையைப் புது வீட்டுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். "ஏழு மாதம் மடியில் வைத்து வளர்த்ததுபோல் வளர்த்துவிட்டு, ஒரு கையெழுத்தில் எப்படி அம்மா கொடுத்தாய்? நாமே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?" என்று நீ போனில் அழுதபோது எனக்குக் குரல் எழவில்லை. அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஆடி மாத மழையில் அது வந்த கோலத்தை நீ பார்த்ததில்லை. நான் உனக்குப் படம் அனுப்பத் தொடங்கியதே மூன்று வாரம் கழித்துத்தான். ஊட்டி ஏரிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த மட்டக்குதிரை அது. சீசன் முடிந்ததும் அவிழ்த்து விடப்பட்டு, குப்பைத் தொட்டிகளில் மேய்ந்துகொண்டிருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பிளாஸ்டிக் சாணத்தோடு வெளியேறவில்லை என்றால் குடலை அடைத்துக் கொன்றுவிடும். தேறும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி மீட்பு அமைப்பினர் இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, விலா எலும்புகளை வாசலில் நின்றபடியே எண்ண முடிந்தது. உடல்வாகை ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டு மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. 1983-ல் டெக்சாஸில் உருவாக்கியது. மருத்துவர் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார்; எலும்பும் தோலுமான கடைசி நிலை. முதுகு மேட்டில் சேணம் உரசி உரசி, உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

அந்தக் குதிரைக்காரரை நீ திட்டினாய். எனக்கும் முதல் நாள் கோபம்தான். ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாத வருமானத்தில் வருடம் முழுவதும் தீனி வாங்க வேண்டும் என்றால் அவர் வீட்டில் முதலில் எதைக் குறைப்பார்? அவருடைய வறுமையும் செவலையின் விலா எலும்பும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பாட்டி சொல்வாரே, நினைவிருக்கிறதா? பட்டினி கிடந்த குதிரைக்கு இரண்டையும் கண்ணில் காட்டக் கூடாது. இளகிய மனதோடு ஒரு வாளி தானியத்தை நீட்டினால் அதுவே எமன். மாவுச்சத்து திடீரென ரத்தத்தில் ஏறும்போது, இருக்கிற கொஞ்ச பாஸ்பரஸும் பொட்டாசியமும் மக்னீசியமும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். சில நாட்களில் இதயம் நின்றுபோகும். அதனால் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரவழைத்த உலர்ந்த குதிரைமசால் மட்டும்தான் கொடுத்தோம். பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனம். மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மக்னீசியமும் அதிகம். கால் கிலோ, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, அதிகாலை இரண்டு. தின்று முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று என் தோளில் மூக்கை வைத்து நிற்கும். கொடுக்காமல் திரும்பி வருவது எவ்வளவு கொடுமை தெரியுமா! பத்து நாள் அப்படி நடந்தேன்.

மூன்று வாரம் வேறு எந்தக் கால்நடையும் அண்டாமல் தனியே கட்டினோம். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பையனை லாயத்துக்குள் விட்டேன். அது மனிதருக்கும் தொற்றும் நோய்.

பத்தொன்பதாம் நாள் இரவைப் பற்றி உன்னிடம் சொன்னேனா? குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் படுத்தாக வேண்டும். பயம் இருந்தால் படுக்காது. செவலை வந்ததிலிருந்து நான் பார்த்தவரை படுக்கவே இல்லை. அன்று இரண்டு மணிக்கு டார்ச்சோடு போனால், வைக்கோல் மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. வயிற்றுவலி வந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே போனால் குறட்டை. கனவில் ஓடுவதுபோல் முன்கால் துடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தை அணைத்துவிட்டு, மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குறட்டையைக் கேட்டபடி அரைமணி நேரம் நின்றேன். என் வாழ்நாளில் நான் அடைந்த பெரிய நிம்மதிகளில் அது ஒன்று.

அதன் பிறகு நான் செய்த ஒரு காரியம் உனக்குப் புரியாமல் போயிருக்கலாம். என்னிடம் ஒட்டிக்கொண்ட குதிரையை வேண்டுமென்றே மற்றவர்களிடம் பழக்கினேன். அப்பா தண்ணீர் வைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் தலைக்கயிறு பிடித்துத் தேயிலைத் தோட்டம் வரை நடத்திப் போனான். லாடம் கட்டுபவர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்து குளம்பைச் சீவினார். அவர் தொட்டதும் காலைத் தூக்கிக் கொடுக்கத் தினமும் நான்கு கால்களையும் தூக்கிப் பழக்கினோம். என் கைக்கு மட்டும் அடங்குகிற குதிரையை நாளைக்கு யார் ஏற்றுக்கொள்வார்கள்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது மறுபடியும் தெருவுக்குத்தானே போகும்? பெயர்கூட வைக்காமல் நிறத்தைச் சொல்லிச் செவலை என்றே கூப்பிட்டதும் அதனால்தான். பெயர் வைக்கும் உரிமை போகிற வீட்டுக்கு.

கேட்டு வந்த எல்லோருக்கும் கொடுத்துவிடவில்லை. தங்கும் விடுதி ஒன்றிலிருந்து வந்தவர்கள் நல்ல லாயத்தின் படங்களைக் காட்டினார்கள். விருந்தினர்களை ஏற்றுவோம் என்றார்கள். நாடாவால் நெஞ்சுச் சுற்றளவும் நீளமும் அளந்து பார்த்தபோது செவலையின் எடை 215 கிலோ, வந்தபோது 160. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. சேணத்தோடு சேர்த்து 43 கிலோ. பெரியவர்கள் ஏறவே முடியாது என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை.

இப்போது கூட்டிப் போயிருப்பவர்கள் கோத்தகிரிப் பக்கம் விவசாயம் செய்கிறவர்கள். அவர்களிடம் ஒரு கிழட்டுக் குதிரை துணையில்லாமல் தனியாக நிற்கிறது. நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். மரவேலிதான், முள்கம்பி இல்லை. மேய்ச்சல் நிலத்தில் மண்டியிருந்த பெரணிச் செடி குதிரைக்கு விஷம் என்று சொன்னோம். அடுத்த முறை போனபோது வேரோடு பிடுங்கியிருந்தார்கள். அங்கேதான் என் மனம் இளகியது. விற்கக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அவர்களுடைய சின்ன மகள், முதுகு மேட்டில் புண் ஆறிய இடத்தில் முளைத்திருக்கும் வெள்ளை முடியைத் தொட்டு, "இது ஏன் இங்கே மட்டும் வெள்ளை?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அந்த முடி இனிமேல் செவலை நிறத்துக்குத் திரும்பாது என்பதையும் சொன்னேன்.

என்னையும் அனுப்பிவிட்டீர்கள், அதையும் அனுப்பிவிட்டீர்கள் என்றாயே, அதுதான் என்னைத் தைத்தது. பெற்ற பிள்ளை வேறு, கண்ணே. உனக்கு இந்த வீட்டில் எப்போதும் ஓர் அறை இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். லாயத்தில் இருப்பதோ ஒரே ஒரு கட்டுமிடம். செவலையை நான் வைத்துக்கொண்டால், என்னால் கைதூக்க முடிந்த கடைசிக் குதிரை அதுவாகத்தான் இருக்கும். என் முழங்கால் இன்னும் நான்கைந்து வருடம் தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் எத்தனைக்கு முடியுமோ அத்தனைக்கும் அந்த இடம் வேண்டும்.

வண்டி கிளம்பியபோது செவலை கனைத்தது. நான் பதில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது இறங்கப் பார்க்கும். வண்டி வளைவு திரும்பிய பிறகு லாயத்துக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன்.

வியாழக்கிழமை அடுத்தது வருகிறது. வயதான பெண் குதிரை, கண் ஒன்று தெரியாதாம். இதற்கும் முதல் பத்து நாள் அதே குதிரைமசால், அதே நேரக் கணக்கு. நீ வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வருவதாகச் சொன்னாய். ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸும் எடுத்து வா. சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு அப்பா போகிறார்; ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி உன்னுடையது. கண் தெரிகிற இடப்பக்கமாகவே போ, போகும்போதே பேசிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா